வேலாயுத மேஸ்திரி தெருவில் ஆறு சக்கரம்

மே 3, சனி

டயர் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. இத்தனை நாள் பீரோவில் துணிக்கு அடியில் கிடந்திருக்கிறது. இன்று பீரோவைக் காலி செய்தபோது வெளியே வந்தது. நாளையிலிருந்து நான் சென்னைவாசி. எழுதிவைக்க ஏதாவது இருக்கும்.

என் மனைவி கோகிலவாணி அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன். நாமக்கல்லில் பதினாறு வருடம் இருந்தவளைச் சென்னைக்கு மாற்றிவிட்டார்கள். "கவர்மென்டு ஆர்டருங்க. நாம என்ன பண்ண முடியும்" என்றாள். மகள் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் படிக்கிறாள். ஆக, போவது நாங்கள் இரண்டு பேர், ஒரு கட்டில், பீரோ, பிரிட்ஜ், கிரைண்டர், டிவி, பாத்திரம் நாலு மூட்டை.

"இதுக்கு ஒரு குட்டியானை போதுமுங்க" என்றாள் வாணி.

சொந்தமாக ஆறு சக்கர லாரி வைத்திருப்பவன் வாடகைக் குட்டியானையில் வீட்டுச் சாமானை ஏற்றிக்கொண்டு போனால் ஊர் சிரிக்கும். நம் வண்டியிலேயே போகலாம் என்று சொல்லிவிட்டேன். ஏற்றி முடித்ததும் பின்னால் நின்று பார்த்தேன். சாமான் முழுவதும் கேபினை ஒட்டி ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. மிச்ச இடத்தில் கபடி ஆடலாம்.

ஓட்டப்போவது மாதேஷ். லாரிப் பட்டறையில் பழக்கம், வேறொருவரிடம் டிரைவராக இருக்கிறான். அவனுக்கு எப்படியும் சென்னையில் ஏதோ வேலை இருக்கிறதாம். அவன் ஓட்டட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிறேன் என்று ஏற்பாடு. வழி என்னவோ நேர் ரோடுதான்.

மே 4, ஞாயிறு

விடிய ஐந்தேகாலுக்கு அயனாவரம் வந்து சேர்ந்தோம். வேலாயுத மேஸ்திரி தெரு. தெரு என்று போர்டில் எழுதியிருக்கிறது. எங்கள் ஊரில் இதைச் சந்து என்றுகூடச் சொல்ல மாட்டோம், இரண்டு வீட்டுக்கு நடுவில் விட்ட இடம் என்போம்.

மெயின் ரோட்டிலிருந்து எங்கள் வீடு முன்னூறு அடி. அந்த முன்னூறு அடிக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. பதினோரு பைக்குகளின் சொந்தக்காரர்களை எழுப்ப வேண்டியிருந்தது. கேபிள் வயர்களை நான் துடைப்பக் கட்டையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே முன்னால் நடந்தேன். நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர், அதில் ஒரு திருப்பம். அங்கே மாதேஷ் நாலு தடவை முன்னே பின்னே எடுத்தான். அதற்குள் தெரு முழுவதும் வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்துவிட்டது.

வீட்டுக்காரம்மா டெய்சி அக்கா கீழ் வீட்டில் இருக்கிறார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு லாரியை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு வாணியிடம் சொன்னார்: "மூட்ட முடிச்சு எத்தினினு கேட்டேன், சொன்ன. பசங்க எத்தினினு கேட்டேன், சொன்ன. லாரி ஒண்ணு கீதுனு ஏம்மா சொல்லல?"

"அது இவங்க கூடயே இருக்குமுங்க" என்றாள் வாணி.

இருபது நிமிடத்தில் சாமான் இறங்கிவிட்டது. மாதேஷ் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். "அண்ணா, இங்கெல்லாம் வண்டி நிக்காதுங்கண்ணா. மாதவரத்துல லாரி நிறுத்தறதுக்குன்னே எடம் இருக்குது. கொண்டுபோய் உட்டுட்டு அப்படியே போயிக்கறேன்."

"இருக்கட்டும். நாளைக்கு நானே எடுத்துக்கறேன்" என்றேன்.

மாதேஷ் வாணியைப் பார்த்தான். வாணி கேபிள் வயரைப் பார்த்தாள். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு நேராகக் கோயம்பேட்டுக்குப் போய் ஊர் பஸ் ஏறிவிட்டான். சென்னையில் அவனுக்கு இருந்த வேலை என்ன ஆயிற்று என்று கேட்க மறந்துவிட்டேன்.

மே 5, திங்கள்

வாணி காலையில் டியூட்டிக்குப் போனாள். நான் கீழே இறங்கியபோது கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. முத்து முத்தான கையெழுத்து.

"பெறுநர்: கனரக வாகன உரிமையாளர் அவர்கள். பொருள்: தெருவில் வாகனம் நிறுத்தப்பட்டமையால் பொதுமக்கள் உறும் இன்னல் – அகற்றக் கோருதல் – தொடர்பாக. பார்வை: இன்று காலை 5.40 மணிக்கு என் ஜன்னல் வழியாகப் பார்த்தது." கீழே, ஏகாம்பரம், செயலாளர், தெரு நலச் சங்கம்.

டெய்சி அக்காவிடம் விசாரித்தேன். "எதிர் வூட்டுக்காரரு. கோர்ட்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவரு. சங்கத்துல அவரு ஒர்த்தரு தான். தலைவரு போன வருசமே வூடு மாறிப் பூட்டாரு."

பகலில் பெரிய வண்டிகள் ஊருக்குள் ஓடக்கூடாது என்பது விதி. அதை அதே காகிதத்தின் பின்புறம் எழுதி அவர் வீட்டுக் கதவில் செருகினேன். சட்டம் என்று ஒன்று இருப்பது எவ்வளவு நல்லது.

மே 6, செவ்வாய்

"பார்வை: தங்கள் பதில். இரவு பத்து மணிக்கு மேல் தடை இல்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டு வருகிறேன்."

இரவில் முன்னூறு அடி ரிவர்ஸ் எடுத்தால் அந்தச் சத்தத்தில் கைக்குழந்தைகள் எழுந்துகொள்ளும். இந்தத் தெருவில் நான்கு கைக்குழந்தைகள் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன்.

மே 7, புதன்

பேட்டரி வீக்காக இருக்கும் போலிருக்கிறது.

மே 8, வியாழன்

காலையில் ஸ்டார்ட் செய்து பார்த்தேன். ஒரே திருகலில் எடுத்துக்கொண்டது. ஆனாலும் பேட்டரியை நம்ப முடியாது.

பத்து நிமிடம் ஓடவிட்டு, ஸ்டியரிங், மீட்டர், கண்ணாடி எல்லாவற்றையும் துடைத்து, அணைத்துவிட்டு இறங்கினேன். தினமும் இப்படிச் செய்வது வண்டிக்கு நல்லது. புகை நேராக டெய்சி அக்காவின் சமையலறைக்குள் போனது எனக்குத் தெரியாது. "கொசு மருந்து அடிக்கிற வண்டினு நெனச்சிக்கினேன்" என்றார்.

மே 9, வெள்ளி

கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. இந்தத் தெருவில் ஒரு மரம் கிடையாது. காலையில் ஒரு பக்கம், மாலையில் ஒரு பக்கம் என்று என் லாரி நிழல் விழுவதைத் தெரு கண்டுபிடித்துவிட்டது. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த லோகு அதை லாரிக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். "அண்ணே, நீ இருக்கறவரைக்கும் இங்க தான்" என்று அறிவித்தான். பத்து மணிக்கு நாலு பெண்கள் கீரை ஆய வந்து உட்கார்ந்தார்கள். லாரியின் மேல் தார்ப்பாயில் யாரோ கூழ் வடகம் ஊற்றியிருக்கிறார்கள். யார் ஏறினார்கள், எப்படி ஏறினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஏகாம்பரத்தின் இன்றைய கடிதம்: "பொருள்: வாகனத்தின் மீது வடகம்."

மே 11, ஞாயிறு

வாணிக்கு லீவு. டீ குடிக்கும்போது சொன்னாள், "ஞாயித்துக்கெழம ரோடெல்லாம் காலியாத்தான் இருக்கும். வண்டிய எடுங்க, சும்மா அந்த மெயின் ரோடு வரைக்கும் போயிட்டு வருவமா?"

"லாரில யாராச்சும் சும்மா போவாங்களா?" என்றேன்.

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மெரினாவுக்கு பஸ்ஸில் போனோம். டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் கியர் மாற்றுவது சரியில்லை. முன்னால் போகிற ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் இடையில் இரண்டு முழம்தான் விடுகிறார். சென்ட்ரல் தாண்டியதும் கண்டக்டர் வந்து, "இன்னா சார், காலு வலியா? தரைய போட்டு அந்த மெறி மெறிக்கிறியே" என்றார். அப்போதுதான் கவனித்தேன், என் வலது கால் பாதம் வரை மரத்துப்போயிருந்தது.

கடல் நன்றாக இருந்தது.

மே 13, செவ்வாய்

டெய்சி அக்கா ஒரு கிண்ணத்தில் முட்டைக் குழம்பு கொடுத்தனுப்பினார். எனக்குப் பித்தம், வாணி மட்டும் சாப்பிட்டாள்.

லோகு இஸ்திரி போட்டுக்கொண்டே பேச்சுக் கொடுத்தான். "நாமக்கல்லுனா முட்டை தானே அண்ணே? நீயும் அது தான் ஓட்டுவியா?"

"அதுதான்."

"ஒரு தபா எவ்ளோ ஏத்துவ?"

"லட்சத்துச் சொச்சம்."

"ஒண்ணுகூட ஒடையாதா?"

துணி கொண்டுவர மறந்துவிட்டது என்று மாடிக்கு வந்துவிட்டேன்.

மே 15, வியாழன்

தெருவின் மேற்கு முனையில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள். ஒரு ஆள் ஆழம். இரண்டு வாரம் ஆகும் என்றார் மேஸ்திரி. இனி தெருவுக்கு ஒரே வாசல், கிழக்கே மெயின் ரோட்டுப் பக்கம். எனக்கென்ன, நான் எங்கும் போகப்போவதில்லை என்று நினைத்தேன்.

மே 16, வெள்ளி

இந்தத் தெருவுக்குக் கோடையில் தண்ணீர் டேங்கர் லாரியில்தான் வருகிறது. எங்கள் வீட்டைத் தாண்டி இருக்கும் இரண்டு கறுப்புத் தொட்டிகளில் நிரப்புவார்கள், அங்கிருந்து எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள். டேங்கர் இதுவரை மேற்கு முனை வழியாக வந்துகொண்டிருந்தது. இன்று கிழக்கு முனையில் வந்து நின்று ஹாரன் அடித்தது. நடுவில் என் வண்டி. பைக் மட்டும் போகலாம், டேங்கர் எப்படிப் போகும்?

பெண்கள் குடத்தோடு மெயின் ரோட்டுக்கு ஓடினார்கள். டெய்சி அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூன்று இடத்தில் நின்று நின்று ஒரு குடம் கொண்டுவந்தார். அரை மணி நேரத்துக்குமேல் நிற்க முடியாது என்று டேங்கர் பாதித் தண்ணீரோடு போய்விட்டது.

ஏகாம்பரம் முதல்முறையாக நேரில் வந்தார். இரண்டு கையிலும் பச்சைக் குடம், வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. கோபமாகப் பேசியிருந்தால் நானும் பேசியிருப்பேன். "மிஸ்டர் செங்கோடன், ஒரு மணி நேரம் எடுத்து விட்டீங்கன்னா போதும். டேங்கர் வந்துட்டுப் போனதும் நீங்க திரும்ப வந்து நிறுத்திக்கலாம். நான் ஆட்சேபணை பண்ண மாட்டேன்" என்றார்.

"பேட்டரி போயிடுச்சுங்க" என்றேன்.

லோகு இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பத்து நிமிடத்தில் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். தெருவே கூடி நின்றது. மெக்கானிக் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். வண்டி உடனே உறுமியது. நான்கு கைக்குழந்தைகளில் ஒன்று அழுதது.

"பேட்டரி சிங்கம் மாரி கீது சார்" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் இறங்கினான்.

 எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரிவர்ஸ் பார்க்க ஆள் வேண்டும் என்றேன். இருபது கை உயர்ந்தது. எனக்கு ஒரு போன் வருகிறது என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். போன் என் சட்டைப் பையில் சும்மாதான் இருந்தது.

மாதேஷுக்கு நானே போட்டேன். ராய்ச்சூரில் லோடு இறக்கக் காத்திருக்கிறானாம், ஊர் திரும்பப் பத்து நாள் ஆகும். "நீங்களே எடுத்துருவீங்கண்ணா. முன்னூறு அடிதானுங்க" என்றான்.

"அன்னைக்கே நீ மாதவரத்துல உட்டுட்டுப் போயிருக்கலாம்ல?"

"நான் சொன்னனுங்களே. வாணியக்காகூட, வந்து ஓட்டிக் குடு மாதேசு, உனக்குச் சென்னைல வேலை இருக்கற மாதிரி சொல்லிக்கோன்னுதான் கூப்பிட்டாங்க. பாவம், அவங்களும் எத்தனன்னு பாப்பாங்க. டிரான்ஸ்பரு கேட்டு எழுதிப் போட்டதிலிருந்து…"

அதோடு நிறுத்திக்கொண்டான். டவர் இல்லை என்றான். டவர் நன்றாகத்தான் இருந்தது.

மே 17, சனி

கவர்மென்ட் ஆர்டர் இல்லை. அவள் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

வாணி டியூட்டி முடிந்து மூன்று மணிக்கு வந்தாள். வரும்போதே மெயின் ரோட்டுக் குழாயில் ஒரு குடம் பிடித்துக்கொண்டு வந்தாள். குடத்தை இறக்கி வைக்கட்டும் என்று காத்திருந்து கேட்டேன்.

"டிரான்ஸ்பர் நீ கேட்டியா?"

முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். மறைக்கப் பார்க்கவில்லை. "ஆமாங்க."

"ஏன்?"

"அங்க தெனமும் காலைல பட்டறைக்குப் போயி உக்காந்துக்கறீங்க. வர்றவங்க போறவங்க எல்லாம், என்ன செங்கோடா, வண்டி எடுக்கலையான்னு கேக்கறாங்க. ஒருத்தருக்கு கிளட்ச்சுங்கறீங்க, ஒருத்தருக்கு லோடு இல்லைங்கறீங்க. வூட்டுக்கு வந்து சோறு எறங்க மாட்டீங்குது. எனக்குப் பாக்க முடியலைங்க. ஆருக்கும் நம்மளத் தெரியாத ஊருக்குப் போயிட்டா ஆரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்." முந்தானையை இடுப்பில் செருகினாள். "நீங்க லாரியோடவே வருவீங்கன்னு நான் நெனைக்கலைங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. சிரித்து முடித்ததும் அவள் குடத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

இதை எழுதிவிடுகிறேன். போன செப்டம்பர் மாதம், ஆம்பூர் தாண்டி, காலை ஆறரை மணி. நல்ல வெளிச்சம். ஒரு கண்ணசைப்பு, அவ்வளவுதான். கண் திறந்தபோது எனக்கு முன்னால் ஒரு டி.வி.எஸ். வண்டி. புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு சின்னப் பிள்ளை. அந்தப் பிள்ளை பின்னால் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். அவர்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை போகிற இடம் இருந்திருக்கும். வண்டி ரோட்டை விட்டு இறங்கி வயலில் சாய்ந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முட்டை மட்டும்தான். வயல் முழுவதும் மஞ்சளாக ஓடியது. உடையாத முட்டையைப் பொறுக்க ஊர் ஜனம் வாளியோடு வந்துவிட்டது. ஒரு அம்மாள் என்னிடமே வந்து "தம்பி, இது எடுத்துக்கவா?" என்று கேட்டு எடுத்துக்கொண்டார். பட்டறையில் இந்தக் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன். இதுவரைதான் சொல்வேன்.

சொல்லாதது, அந்த டி.வி.எஸ். காரர் வண்டியை நிறுத்திவிட்டு வயலுக்குள் இறங்கி ஓடிவந்தார். என் சட்டையைப் பிடித்து அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைக் கைத்தாங்கலாக வெளியே இழுத்து, "அண்ணே, உங்களுக்கு அடி ஒண்ணும் படலியே?" என்று கேட்டார். அவருடைய பிள்ளையைக் கொல்லப் பார்த்தவனிடம் கேட்டார்.

அதற்குப் பிறகு நான் ஓட்டவில்லை. வண்டியைச் சரிசெய்து பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினேன். ஏறி உட்காருகிறேன். துடைக்கிறேன். ஸ்டார்ட் செய்கிறேன். கியரில் கை வைத்தால் முதுகெல்லாம் ஈரமாகிவிடுகிறது.

மே 18, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு டேங்கர் கிழக்கு முனையில் வந்து நின்றது. நான் மாடியில் நின்று பார்த்தேன். இன்று யாரும் ஓடவில்லை. மெயின் ரோட்டிலிருந்து தொட்டி வரை வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். என் லாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் லோகு ஒருக்களித்து நின்று, தலைக்குமேல் குடத்தைத் தூக்கி அந்தப் பக்கம் கொடுத்தான். வாணியும் வரிசையில் நின்றாள். யாரோ ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். மாடியைப் பார்த்து ஒருவரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. எங்கள் படிக்கட்டில் நிறைந்த குடம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார் டெய்சி அக்கா.

திட்டியிருந்தால் அப்படியே இருந்திருப்பேன்.

கீழே இறங்கி ஏகாம்பரத்திடம் போனேன். "சார், பேட்டரி எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. எனக்கு வண்டி ஓட்டப் பயமா இருக்குது" என்றேன். இவரிடம் ஏன் முதலில் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் கையிலிருந்த குடத்தை அடுத்த ஆளிடம் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "எனக்கு லிஃப்ட்னா பயம். எங்க கோர்ட்டு நாலாவது மாடி. முப்பத்தோரு வருஷம் படி ஏறினேன். உடம்புக்கு நல்லதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன்" என்றார். பிறகு, "நான் பின்னாடி நின்னு பாத்துச் சொல்றேன். மெதுவா வாங்க. நமக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

டேங்கரை மெயின் ரோட்டில் ஒதுங்கச் சொன்னார்கள். மறுபடி பதினோரு பைக்குகள் வீட்டுக்குள் போயின. கேபிள் வயரைத் தூக்க நாலு துடைப்பம் வந்தது. நான் ஏறி உட்கார்ந்தேன். வாணி மறுபக்கக் கதவைத் திறந்து கிளீனர் இடத்தில் ஏறினாள். "லெப்ட் கண்ணாடிய நான் பாத்துக்கறேனுங்க" என்றாள்.

ரிவர்ஸ் கியர் விழுந்தது.

ஏகாம்பரம் பின்னால் நின்று கோர்ட்டில் படிக்கிற குரலில் ஆரம்பித்தார். "வரலாம். வரலாம். சற்றே நிறுத்தவும். இப்போது வலப்புறம், அதாவது எனக்கு வலப்புறம், தங்களுக்கு…"

"சார், நீ கம்முனு இரு" என்றான் லோகு. "அண்ணே, உன் சைடு ஒடி. ஒடி. இன்னும் ஒடி. அப்டியே வா."

தெருவில் இருந்த எல்லோருக்கும் லாரி ஓட்டத் தெரிந்திருந்தது. மாடிகளிலிருந்தெல்லாம் வழி சொன்னார்கள். டெய்சி அக்கா லாரிக்கு முன்னால் வந்து நின்று போ போ என்று இரண்டு கையாலும் தள்ளினார். நான் வாணி சொன்னதை மட்டும் கேட்டேன். "ஒரு சாண் இருக்குது. அரை சாண். போதுமுங்க." ஒரு பூந்தொட்டி போனது. தெரு நலச் சங்கத்தின் போர்டு ஒருபக்கம் வளைந்தது.

டிரான்ஸ்பார்மர் திருப்பத்தில் பாதி ஒடித்திருந்தபோது கண்ணாடியில் ஒரு ஸ்கூட்டர் தெரிந்தது. ஒன்றும் தெரியாமல் மெயின் ரோட்டிலிருந்து தெருவுக்குள் திரும்பியவர்கள். ஒரு ஆள், பின்னால் மனைவி, நடுவில் ஒரு பிள்ளை.

பிரேக்கை மிதித்தேன். வண்டி குலுங்கி நின்றது. அதன்பிறகு எனக்குக் கை நகரவில்லை. வெளியே லோகு என்னவோ கத்துகிறான், வாய் அசைவதுதான் தெரிகிறது.

"ஏங்க" என்றாள் வாணி. கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள். "அவங்க நின்னுட்டாங்க. நீங்களும் நின்னுட்டீங்க. ரெண்டு பேரும் நின்னாச்சுங்க."

ஏகாம்பரம் ஸ்கூட்டரை ஓரம் கட்டி, அந்தப் பிள்ளையைத் தூக்கி ஒரு வீட்டுப் படியில் நிறுத்திவிட்டு எனக்குக் கை காட்டினார். எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று தெரியாது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. நான் மறுபடி கிளட்ச்சை விட்டேன்.

மெயின் ரோட்டில் பின் சக்கரம் இறங்கியதும் தெரு கை தட்டியது. அதற்குள் ஒரு டிராபிக் போலீஸ்காரர் வந்துவிட்டார். "இந்நேரத்துல பெரிய வண்டி எப்டிய்யா உள்ள வந்த?"

"வரலைங்க சார். ரெண்டு வாரமா உள்ளதான் இருந்தேன்."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். ஏகாம்பரம் ஓடிவந்து சட்டப்பிரிவு ஒன்றைச் சொல்லி விளக்க ஆரம்பித்தார். தெரு முழுவதும் குடத்தோடு சுற்றி நின்றது. பாதி விளக்கத்திலேயே போலீஸ்காரருக்குத் தலை வலித்திருக்க வேண்டும். "இங்க நிறுத்தக் கூடாது. நேரா மாதவரம் போய் நிறுத்து. வழில யாராவது புடிச்சா நான் அனுப்புனேன்னு சொல்லு. மொதல்ல கெளம்பு" என்றார்.

தெரு முடிந்ததும் இறங்கிவிடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மாதவரம் எட்டு ஒன்பது கிலோமீட்டர்.

"வழில விளக்கம் சொல்ல ஆள் வேணும்ல?" என்று ஏகாம்பரம் வாணிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஏறிய பிறகுதான் அவர் லாரியில் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்ததே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பயம் தெரியாமல் இருக்க வழியில் இருந்த கடை போர்டுகளையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். "சரவணா சைக்கிள் மார்ட். இங்கு கரும்புச்சாறு கிடைக்கும். மூலம் பௌத்திரம்." நான் இருபதைத் தாண்டவில்லை. எங்களை மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று முந்திக்கொண்டு போனது. பெரம்பூர் தாண்டி ஒரு சிக்னலில் நிற்கும்போது பார்த்தேன், வண்டி மூன்றாவது கியரில் இருந்தது. எப்போது மாற்றினேன் என்று நினைவில்லை.

மாதவரத்தில் நூறு லாரிகளுக்கு நடுவில் நிறுத்தி இறங்கினேன். டீக்கடையில் வாங்கிய முதல் கிளாஸில் பாதி என் சட்டையில் கொட்டியது. வாணி இரண்டு டம்ளரில் மாற்றி ஆற்றிக் கொடுத்தாள். ஏகாம்பரமும் பாதி டீயைத் தரையில் கொட்டியிருந்தார். அவருக்கும் ஆற்றிக் கொடுத்தாள்.

டீக்கடையில் ஒரு புக்கிங் ஏஜென்ட், "வண்டி சும்மா நிக்கிதா? வேலூருக்கு ஒரு லோடு இருக்கு" என்றார். இப்போது இல்லை என்றேன். கிளட்ச் என்றும் சொல்லவில்லை, பேட்டரி என்றும் சொல்லவில்லை. "ஓட்டிப் பழகிட்டு இருக்கேனுங்க. கொஞ்ச நாள் ஆகும்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது.

திரும்ப பஸ். கூட்டம் இல்லை. ஏகாம்பரம் முன் சீட்டில், நாங்கள் அவருக்குப் பின்னால். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் வாணி தூங்கிவிட்டாள். தலை என் தோளில் சாய்ந்தது. வாயைத் திறந்துகொண்டு, மேடு பள்ளம் எதற்கும் அசையாமல் தூங்கினாள். இப்படி இவள் தூங்கி நான் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்தேன். செப்டம்பரிலிருந்து நான் எப்போது விழித்தாலும் இவளும் விழித்துத்தான் இருந்தாள். தற்செயல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அயனாவரம் வந்தது. ஏகாம்பரம் எழுந்து எங்களைத் திரும்பிப் பார்த்தார். வாணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"ஐனாவரம்னு தானே சார் டிக்கெட் வாங்கின? எறங்கல?" என்று கண்டக்டர் கேட்டார்.

"மெதுவாப் பேசுப்பா" என்றார் ஏகாம்பரம். "மூணு பேரும் கடைசி ஸ்டாப் வரைக்கும் வர்றோம்."